மிதக்கும் பொருள், வகை நான்கு

கடலில் மிதக்கும் ஒரு பொருளைக் காற்றும் நீரோட்டமும் கரையோரமாக எங்கே இழுத்துக்கொண்டு போகும் என்று கணித்துச் சொல்வதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. அது ஏற்காட்டில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில், பஸ் பிடித்துப் போனால் கடலைப் பார்க்க அரை நாள் ஆகும் தொலைவில். சிரிக்கிறவர்களுக்காக வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள்: ‘கடலை நடுநிலையோடு ஆராய, கடலின் குறுக்கீடு இல்லாத இடம் தேவை.’ மையத்தைத் தொடங்கிய முதல் இயக்குநருக்கு உப்புக் காற்று பட்டால் மூட்டு வீங்கும் என்ற தகவலைப் பலகையில் எழுதவில்லை. எனக்கு இந்த மையத்தின்மேல் கோபம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆகஸ்டு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தலைச்சோலையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய சாந்தி அந்தப் பலகையின் முன் நின்றாள். காப்பி எஸ்டேட்டில் வேலை செய்பவள். பழம் எடுக்கும் காலம் போனபின் எஸ்டேட்டில் களை வெட்டுத்தான் மிச்சம். ஆண்களுக்கு வேலை குறைவு. அதனால் அவள் கணவன் காளியண்ணன் கடலூருக்குப் போய் ஒரு மீன்பிடிப் படகில் வலை இழுக்கச் சேர்ந்திருந்தான். மலையிலேயே பிறந்து வளர்ந்தவன், நீச்சல் தெரியாது. ஏற்காட்டு ஏரியில் மிதிபடகு ஏறச் சொன்னால்கூட, ‘நீ போய்ட்டு வா, நான் செருப்பைப் பாத்துக்கறேன்’ என்று கரையிலேயே உட்கார்ந்துவிடுகிற ஆள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் போன் செய்திருந்தான். இன்ஜின் நின்றுவிட்டது. நங்கூரக் கயிறும் அறுந்துவிட்டது. படகில் மூன்று பேர், கேனில் பத்து லிட்டர் தண்ணீர். வெயில் தாங்காமல் தார்ப்பாயை உயர்த்திக் கட்டியிருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது லைன் போய்விட்டது. பத்து லிட்டர், மூன்று பேர். சாந்தி இரண்டு நாளாக இதையே மனசுக்குள் வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி வகுத்தாலும் புதன்கிழமையோடு தண்ணீர் தீர்ந்துபோனது.

கடலூர்ப் படகு ஓனர்தான் அவளை இங்கே அனுப்பியவர். “எங்க ஊரு போட்டு அஞ்சு போய்த் தேடுதும்மா. ஆனா கடலு பெருசு. கோஸ்ட்கார்டு கப்பல் போய்த் தேடணும்னா எந்த எடம்னு எழுத்துல வேணுமாம். எழுதித் தர்ற ஆபீசு உங்க ஊருலதாம்மா இருக்குது” என்றார். தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று சாந்தி இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு கிளம்பினாள்.

கண்காணிப்பாளர் புஷ்பலதா நல்லவர். அழுதுவிடுவாள் போலிருந்த சாந்தியை உட்காரவைத்து, படிவத்தைத் தானே நிரப்ப ஆரம்பித்தார்.

“பொருளோட பேரு?”

“பொருளுங்களா?”

“மிதக்கற பொருளுங்க.”

“காளியண்ணனுங்க. எங்கூட்டுக்காரரு.”

“நீளம், அகலம்?”

“ஆளுக்குங்களா, படகுக்குங்களா?”

புஷ்பலதாவின் பேனா நின்றது. படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். மிதக்கும் பொருள்கள் நான்கு வகை. வகை ஒன்று, தேங்காய், மரக்கட்டை முதலியன. வகை இரண்டு, எண்ணெய்ப் படலம். வகை மூன்று, கப்பலிலிருந்து தவறி விழுந்த பெட்டிகள். வகை நான்கு, மனித உடல்.

“உடல்னா எப்படிங்க?”

“பொணம்.”

“உசுரோட இருக்கறவிங்களுக்கு?”

“கட்டம் இல்லீங்க. உசுரோட இருந்தா அவிங்க பொருள் இல்லீங்களே, ஆளாயிடறாங்க. ஆளுங்க நம்ம வரம்புல வர மாட்டாங்க.”

“அப்பப் படகுக்குங்க?”

“படகுக்கு இன்ஜின் இருக்குது. இன்ஜின் இருந்தா ஊர்தி. ஊர்தி நமக்கு வராது.”

“இன்ஜின்தான் நின்னுபோச்சுங்களே.”

“நின்னுபோச்சுன்னு ஒரு இன்ஜினியரு நேர்ல பாத்து சர்டிபிகேட் தரோணும்.”

“நேர்ல பாக்கோணும்னா அது எங்க இருக்குதுன்னு தெரியோணுங்களே. அதக் கேக்கத்தானுங்க நான் வந்ததே.”

“அதுக்குத்தானுங்க இந்தப் படிவம்” என்றார் புஷ்பலதா, பரிவோடு.

பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “வகை நாலுல கையெழுத்துப் போட்டுருங்க. பொணத்துக்கு முன்னுரிமை உண்டு. மத்தியானத்துக்குள்ள இடம் வந்துரும்.”

சாந்தி பேனாவை வாங்கினாள். அந்தக் கட்டத்துக்கு நேராக வைத்தாள். தாலி கழுத்தில் கிடக்கும்போது தன் கையாலேயே புருஷனைப் பிணம் என்று எழுத வேண்டும், எழுதினால்தான் அவனை உயிரோடு தேடுவார்கள். இப்படி ஒரு நிலைமையை ஒரு பெண்ணுக்கு உண்டாக்குவதற்கு எத்தனை பேர் படித்துப் பட்டம் வாங்கி, எத்தனை கூட்டம் போட்டு, எத்தனை டீ குடித்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“நான் பெரியவரையே பாத்துக்கறனுங்க” என்றாள்.

பெரியவர் என்பது இயக்குநர் முனைவர் சிங்கராயர். அவரைப் பார்க்கப் பதினொன்றரை ஆயிற்று. பத்து மணியிலிருந்து தினமும் அங்கே காலைக் கூட்டம். ஊழியர்கள் எல்லாரும் வங்கக் கடல் படத்தின் முன்னால் நிற்க, முந்தைய நாள் கணிப்புகளை இயக்குநர் வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் கை தட்டுவார்கள். மையத்தின் துல்லியம் நூற்றுக்கு நூறு. பொருள் மையம் சொன்ன இடத்தில் இல்லை என்று இன்றுவரை ஒருவரும் எழுத்து மூலமாகத் தெரிவிக்கவில்லை என்பதுதான் அதற்கு ஆதாரம். சாந்தி வராந்தாவில் நின்று அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே தட்டத் தட்ட, கேனில் தண்ணீர் குறைவது அவளுக்குத் தெரிந்தது.

“உங்க கவலை புரியுதும்மா” என்றார் சிங்கராயர். “ஆனா கடல் விஷயத்துல உணர்ச்சிவசப்படக் கூடாது. பதினெட்டு வருஷத்துல நாங்க நாலாயிரத்து இருநூறு கணிப்பு கொடுத்திருக்கோம். அதுல ஒரு பொருள்கூடக் கண்டத்திட்டைத் தாண்டிப் போனது கிடையாது.”

சாந்தி விழித்தாள். பக்கத்தில் கணினியோடு நின்றிருந்த இளைஞன் வெங்கடேஷ், கரடியூர்க்காரன், அவளுக்கு விளக்கினான். “கரையிலிருந்து கொஞ்ச தூரத்துக்குக் கடலுக்கடியில தரை மேலாவே இருக்குங்கக்கா. அப்புறம் சட்டுனு பள்ளம். நம்ம ரோட்டோரம் மாதிரி. அந்த மேட்டுக்குத்தான் கண்டத்திட்டுன்னு பேரு.”

“அதத் தாண்டிப் படகு ஏனுங்க போகாது?”

“தாண்டினா அது ஆழ்கடல் பிரிவு, வேற ஆபீஸ்” என்றார் சிங்கராயர். “கோப்பை மாத்தணும். அந்தச் சிரமம் வேண்டாம்னு எங்க கணினியிலேயே எல்லையில நிக்கிற மாதிரி பண்ணி வெச்சிருக்கோம்.”

சாந்திக்குக் கடலைத் தெரியாது. ஆனால் எஸ்டேட்டில் காப்பிப் பழம் கழுவும் தொட்டியை இருபது வருடமாகத் தெரியும். அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

“ஏனுங்க, பழத்தைத் தொட்டியில கொட்டுனா நல்லதெல்லாம் அடியில போயிருமுங்க. சொத்தை மேல மிதக்கும். அதுலயும் ரெண்டு தினுசுங்க. பாதி ஊறுனது தண்ணிக்குள்ளாறவே கெடந்து, தண்ணி போற பக்கம் போகும். லேசானது தலையை வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். காத்து அதைத் தள்ளிட்டுப் போய் வேற மூலையில சேத்திருமுங்க. பொணம் ஊறுன பழமாட்டந்தானுங்களே. படகு அப்படியில்லீங்க. ரெண்டையும் ஒண்ணா வெச்சுத் தேடுனா எப்படிங்க கெடைக்கும்?”

வெங்கடேஷ் மட்டும் வாய் திறந்தான். “சார், அவங்க சொல்றது...”

“நீங்க எந்தப் பிரிவு வெங்கடேஷ்?”

“நீரோட்டப் பிரிவுங்க சார்.”

“அப்ப காத்தைப் பத்தி எதுக்குப் பேசறீங்க?”

காற்றுப் பிரிவில் இருந்த ஒரே விஞ்ஞானி ஓய்வுபெற்று ஆறு வருடமாகிறது. இடம் நிரப்பப்படவில்லை. ஆகவே மையத்தின் கணிப்புகளில் ஆறு வருடமாகக் காற்றே அடிப்பதில்லை. சிங்கராயர் கோப்பில் ஏதோ எழுதி, ‘ஏரி மெய்ப்பிப்பு’க்கு உத்தரவு போட்டார்.

ஏரியில் சோதித்துப் பார்க்காமல் எந்தக் கணிப்பும் வெளியாகக் கூடாது என்பது அங்கே விதி. கடலும் தண்ணீர், ஏரியும் தண்ணீர் என்கிற விஞ்ஞான உண்மையின்மேல் எழுந்த விதி அது. வகை நான்குக்கு வைக்கோல் அடைத்து, பேன்ட் சட்டை போட்ட பொம்மை ஒன்று வைத்திருந்தார்கள். அதை ஜீப்பில் ஏற்றி, ஒருவர் குடை பிடிக்க, ஒருவர் கடிகாரம் பிடிக்க, பன்னிரண்டே முக்காலுக்கு ஏரியில் இறக்கினார்கள். “நான் இன்னும் கையெழுத்தே போடலீங்களே” என்று சாந்தி புஷ்பலதாவிடம் சொன்னாள். “இது வெறும் சோதனைதானுங்க” என்றார் அவர்.

பொம்மை ஊறியது. குப்புறக் கவிழ்ந்து, முதுகு மட்டும் தெரிய, கிடந்த இடத்திலேயே கிடந்தது. கால் மணி நேரத்தில், மஞ்சள் கூரை போட்ட மிதிபடகில் வந்த ஒரு சுற்றுலா ஜோடி அதைப் பார்த்துவிட்டது. பெண் அலறினாள். அந்த இளைஞன் யோசிக்கவே இல்லை. தண்ணீரில் குதித்து, பொம்மையைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு நீந்தினான். படகுத்துறை ஆட்கள் விரைந்து போய் அந்தப் பெண்ணை வேறு படகில் ஏற்றிக்கொண்டார்கள். கரையில் அவன் பொம்மையின் நெஞ்சை அமுக்கினான். வாயிலிருந்து வைக்கோல் வந்தது. கூட்டம் கூடிவிட்டது. ஒரு மனிதன் சாகிறான் என்று நினைத்து, படிவம் கேட்காமல் தண்ணீரில் குதித்த ஒரே ஆள் அன்று அவன்தான். சிங்கராயர் அவனை வன்மையாகக் கண்டித்தார்.

“பொருளின் இயல்பான நகர்வில் மனிதத் தலையீடு” என்று குறிப்பு எழுதி, சோதனை செல்லாது என்று அறிவித்தார்கள்.

சாந்தி இதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் கண் வேறெங்கோ இருந்தது. ஆளில்லாத அந்த மிதிபடகு தானாக நகர்ந்துகொண்டிருந்தது. அதன் மஞ்சள் கூரை காற்றைப் பிடித்துப் புடைத்திருந்தது. பக்கத்தில் கூரையில்லாத துடுப்புப் படகு ஒன்றும் கட்டவிழ்ந்து மிதந்தது, ஆனால் அது பத்தடிகூடப் போகவில்லை. கூரை போட்டது மட்டும் ஏரியின் குறுக்கே விறுவிறுவென்று அக்கரைக்குப் போய்விட்டது. சாந்தி உடனே போனை எடுத்தாள்.

“அண்ணா, அங்க காத்து எங்கிருந்துங்க அடிக்குது?”

“தென்மேக்கேருந்தும்மா. மூணு நாளா வலுவா அடிக்குது” என்றார் படகு ஓனர்.

“அவிங்க தார்ப்பாயை ஒசத்திக் கட்டியிருக்கறாங்கண்ணா. கட்டுனப்பறந்தான் எனக்குப் போன் பண்ணாரு.”

“தார்ப்பாயா?” என்றார். “வெறும் போட்டுன்னு நெனச்சில்ல கரையோரமா வடக்கே தேடிக்கிட்டிருக்கோம். தார்ப்பாய் கட்டியிருந்தா அது பாயி மாதிரி இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்மா. கெழக்கே, ஆழத்துக்கு. இதை ஏம்மா நீ மொதல்லயே சொல்லல?”

“யாரும் கேக்கலீங்கண்ணா” என்றாள் சாந்தி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கப்பலை அந்தப் பக்கம் அனுப்பச் சொல்ல வேண்டும். ஜீப் அவளை விட்டுவிட்டு எப்போதோ போயிருந்தது, அவள் ஏரியிலிருந்து மையத்துக்கு ஏற்றத்தில் ஓடினாள். மூச்சு வாங்க உள்ளே நுழைந்தபோது, இயக்குநர் அறையின் பெரிய திரையில் ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தது. கணிப்பு வெளியாகிவிட்டது. மரக்காணத்துக்கு நேராகப் பன்னிரண்டு கிலோமீட்டர். கப்பலும் அந்த இடத்துக்குக் கிளம்பிவிட்டது. சோதனை செல்லாது என்று ஆனதால் இயக்குநர் தம் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தியிருந்தார். படிவத்தில் சாந்தியின் கையெழுத்துக்குப் பதிலாக, ‘மனுதாரர் இடத்தில் இல்லை, ஆட்சேபணை இல்லையெனக் கருதப்பட்டது’ என்று எழுதி முத்திரை வைத்திருந்தார்கள்.

சாந்தி தார்ப்பாய் விஷயத்தைச் சொன்னாள். கும்பிட்டுச் சொன்னாள். “இடத்த மாத்தி எழுதிக் குடுங்க சாமி. நாளையோட தண்ணி தீந்துருமுங்க.”

சிங்கராயர் அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. பதிலைக்கூடக் கனிவாகத்தான் சொன்னார்.

“மாத்தலாம்மா. ஆனா மாத்தினா, முதல்ல சொன்னது தப்புன்னு ஆயிடும். இது தப்புன்னா, இதுக்கு முன்னால சொன்ன நாலாயிரத்து இருநூறு என்ன ஆகும்? இந்த மையத்துல முப்பத்தெட்டுக் குடும்பம் வாழுது. ஒரு ஆள் உயிரோட இருக்கார்ங்கறதுக்காக, இத்தனை பெரிய நிறுவனத்தோட உயிரை எடுக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.”

சாந்தி வெளியே வந்து, ஜீப் நிறுத்துகிற கொட்டகையின் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். கால் மணி நேரம் கழித்து, டீ குடிக்கப் போகிறவன் போல வெங்கடேஷ் அந்தப் பக்கம் வந்தான். வராந்தாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு பஸ் டிக்கெட்டை நீட்டினான். அதன் பின்பக்கம், கடலில் இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் எழுதியிருந்தன.

“அக்கா, எம் பேரு வெளிய வரப்படாதுங்க. ஆறு வருஷமா ஊட்டுல தனியா காத்தைச் சேத்துப் போட்டுப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். இப்ப நீங்க சொன்ன தார்ப்பாயையும் சேத்துப் போட்டேன். வடகெழக்கால தொண்ணூறு கிலோமீட்டரு. திட்டைத் தாண்டி எப்பவோ போயிருச்சுங்க.”

“ஆறு வருஷமாத் தெரியுமா கண்ணு உனக்கு?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சாந்தி அதற்குமேல் கேட்கவில்லை, கேட்க நேரமில்லை. எண்களைப் படகு ஓனருக்கு ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். மறுபடியும் ஒருமுறை படித்தாள். டீசல் கேன்களை அடுக்கிக்கொண்டு இரண்டு படகுகள் அன்று மாலையே கிளம்பின.

புதன்கிழமை முழுக்கத் தகவல் இல்லை. சாந்தி களை வெட்டப் போனாள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று போனாள். தண்ணீர்க் குடத்தைப் பார்க்கக்கூட அவளால் முடியவில்லை. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. படகு ஓனர் பேசவில்லை, போனை வேறு யாரிடமோ கொடுத்தார். வெறும் காற்றுச் சத்தம்போல் ஏதோ கேட்டது. உலர்ந்துபோன நாக்கால் அவன் அவள் பெயரைச் சொல்ல முயன்றுகொண்டிருக்கிறான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூன்று பேருமே பிழைத்துவிட்டார்கள்.

சிவப்புப் புள்ளி இருந்த இடத்தில் கப்பல் மூன்று நாள் தேடியது. ஒரு ரப்பர் செருப்பும் இரண்டு தேங்காயும் கிடைத்தன. அடுத்த காலைக் கூட்டத்தில் தேங்காய்களுக்காகக் கை தட்டினார்கள்.

காளியண்ணன் பெரியாஸ்பத்திரியிலிருந்து ஊர் திரும்பிப் பதினைந்து நாளில் தலைச்சோலைக்கு ஒரு மெமோ வந்தது. ‘வகை நான்கைச் சேர்ந்த பொருள், கணிக்கப்பட்ட பாதையிலிருந்து தன்னிச்சையாக விலகியது ஏன்? செயற்கையாகக் காற்றைப் பிடித்தது ஏன்? ஏழு நாள்களுக்குள் நேரில் ஆஜராகி விளக்கம் அளிக்கவும்.’ காளியண்ணன் பயந்துவிட்டான். கடலுக்குப் பயந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பயந்தான். ஏழாம் நாள் இருவரும் போனார்கள்.

சிங்கராயர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். தம் எழுத்தில் யாரோ கண்டுபிடித்துக் காட்டிய பிழையைப் பார்ப்பது போலிருந்தது அந்தப் பார்வை.

“வெயிலுக்குத்தானுங்க தார்ப்பாய் கட்டுனோம்” என்றான் காளியண்ணன். “தெரியாமப் பண்ணிட்டனுங்க.”

“சரி, போகட்டும். ஆனா கோப்பை மூட முடியாது. உடல் கிடைச்சாத்தான் மூடலாம்.”

“நாந்தானுங்களே அது.”

“நீங்க வகை நாலு இல்லையே.”

திரையில் அந்தப் புள்ளி இன்னமும் மினுங்கிக்கொண்டிருந்தது. கோப்பு மூடப்படாததால் கணினி அதை நாள்தோறும் நகர்த்திக்கொண்டே வந்திருந்தது. ஆந்திரக் கரையோரமாக, திட்டை விட்டு ஒரு முழம்கூட வெளியே போகாமல், அது வடக்கே போய்க்கொண்டிருந்தது. காளியண்ணன் அதையே பார்த்தபடி நின்றான். பிறகு வெங்கடேஷிடம் மெதுவாகக் கேட்டான்.

“தம்பி, அது எங்காச்சும் கரை ஏறுமுங்களா?”

“ஏறாதுங்கண்ணா. ஏறினா உடலைக் காட்டோணும்” என்றான் வெங்கடேஷ்.

சாந்தி புருஷனின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் புஷ்பலதா நிறுத்தினார். வந்தவர்கள் வெளியே போகப் பதிவேட்டில் எழுத வேண்டும். சாந்தியை எழுதியாயிற்று. காளியண்ணனைப் பார்வையாளர் என்று எழுத முடியாது. அவன் அந்த அலுவலகத்துக் கோப்பில் இருக்கும் பொருள். புஷ்பலதா கொஞ்ச நேரம் யோசித்தார். நல்லவர் என்று முதலிலேயே சொன்னேன். மேஜையிலிருந்து, பழைய நாற்காலி, உடைந்த மின்விசிறி எல்லாம் வெளியே போகும்போது கிழித்துத் தருகிற ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

“பொருள் ஒண்ணு” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். “எடுத்துட்டுப் போறவரு, சாந்தி.” கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார். “திருப்பி ஒப்படைக்கறதுங்களா, ஒப்படைக்க வேண்டாததுங்களா?”

“வேண்டாததுங்க” என்றாள் சாந்தி. “நல்லாத் தெளிவா எழுதுங்க.”

எழுதியதை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டு, அவனை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.